அண்ணையின் அமெரிக்கச் சொற்கள்

என் படுக்கையறை யன்னலோரத்தில் ஒரு காகிதக் கூம்பு இருக்கிறது. பின்னல் இயந்திரங்களுக்கு நூல் இப்படியான கூம்புகளில்தான் சுற்றி வரும். கோன் என்று சொல்வோம். நூல் முடிந்ததும் கோனைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள். இந்தக் கோன் ஒருமுறை கசக்கி எறியப்பட்டு, பிறகு யாரோ விரலால் நீவி நீவி நேராக்கியது. அதன் பக்கம் கத்தரியால் நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்கிறது. பிரித்தால் விசிறிபோலத் திறக்கும், விட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும். உள்ளே நீல மையில் ஒரே ஒரு வசனம். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொல்வதற்காக எழுதப்பட்ட வசனம் அது. நான் சொல்லவில்லை.

அதை எழுதியவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் துணி ஆலைகள் இரைந்துகொண்டிருந்த காலத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த பின்னல் இயந்திரங்களில் நின்றோம். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆலைக்குள் நுழைந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நீல மேலங்கி, காதை அடைக்க ஒரே மஞ்சள் பஞ்சு. எனக்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னைக் கதைக்கச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு உள்ளூர் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் கிடைத்திருந்தது. அதில் அரை மணித்தியாலம் அண்ணை செய்தி வாசிப்பார். ஒரு ஞாயிறு, பதவி முடியப்போவதால் செல்வாக்குக் குறைந்த அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் நொண்டி வாத்தாகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் வாசித்துவிட்டார். நிகழ்ச்சி முடியுமுன்பே ஒரு அம்மா தொலைபேசி எடுத்து, ஜனாதிபதி வீட்டு வாத்துக்கு என்ன நடந்தது, காலில் காயமா என்று கேட்டாராம். அண்ணை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் பத்திரிகைக்காரருக்கு அது உள்ளே உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலை இடைவேளையில் அவர் ஒரு வெற்றுக் கோனை எடுத்து, கத்தரியால் வெட்டி விரித்து, உள்பக்கம் எழுதத் தொடங்கினார். மேலே சொல், அதன் கீழே பொருள், அதற்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்ற கதை. எழுதி முடித்துக் கையை எடுத்தால் கோன் சுருண்டுவிடும். வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் குப்பைதான்.

எழுதியதை முதலில் எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் விளங்குது என்று தலையாட்டினால் அடியில் ஒரு சரி அடையாளம் போடுவார். அது ஞாயிறு வானொலிக்குப் போகும். விளங்காவிட்டால் பிழை எனக்கில்லை, எழுத்துக்குத்தான் என்று சொல்லித் திரும்ப எழுதுவார். இப்படித்தான் ஐந்தாம் வகுப்புப் படித்த நான் அமெரிக்க அரசியலைப் படித்தேன். அங்கே முதற்காலத்தில் காடு வெட்டிய இடங்களில் வாக்குக் கேட்கப் போனவர்களுக்கு மேடை இல்லை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் ஏறி நின்று பேசினார்கள், அதனால் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் பேசும் ஒரே பேச்சுக்குக் கட்டைப் பேச்சு என்று பெயர். ஒரு மாநிலத்து ஆளுநரின் காலத்தில் தொகுதி எல்லைகளைத் தங்கள் கட்சிக்கு வசதியாக வளைத்து வளைத்துக் கீறினார்கள், கடைசியில் ஒரு தொகுதி படத்தில் பல்லி மாதிரி வந்தது, பத்திரிகைக்காரர்கள் அந்த ஆளுநரின் பெயரையும் பல்லியின் பெயரையும் ஒட்டி ஜெரிமாண்டர் என்று ஒரு சொல்லைச் செய்துவிட்டார்கள். உப்புப் போட்ட பன்றி இறைச்சியைப் பீப்பாவில் அடைத்து வைத்து வேண்டியபோது அள்ளுவதுபோல, அரசாங்கத்தின் பொதுச் சொத்தில் தன் தொகுதிக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பது பன்றிப் பீப்பா. பன்றிகள் மனிதரைவிடக் கூட இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு இது விளங்காவிட்டால் எப்படி என்று அண்ணை கேட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது, சபையில் எழுந்து மணிக்கணக்காகப் பேசிப் பேசியே வாக்கெடுப்பு நடக்கவிடாமல் செய்பவரைக் குறிக்கும் பிலிபஸ்டர் என்ற சொல். பழைய காலத்தில் கடற்கொள்ளைக்காரரை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். எங்கள் மெஸ்டரிடம், அதாவது மேற்பார்வையாளரிடம், கேட்டபோது டெனிஷிலும் அதே மாதிரி ஒரு சொல் இருக்கிறது என்றாராம். அண்ணைக்கு அன்று முழுக்கச் சந்தோசம். கொள்ளைக்காரன் கப்பலைப் பிடிக்கிற மாதிரி இவர்கள் சபையின் நேரத்தைப் பிடிக்கிறார்கள் என்று சொன்னார். அவ்வளவு நேரம் கதைக்க அவர்களுக்குத் தொண்டை நோகாதா என்று கேட்டேன்.

“உமக்கு ஒரு வசனம் கதைக்கவே நோகுது, தம்பி,” என்றார்.

அது உண்மை. சங்கத்துக் கூட்டங்களில் நான் கதவுப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். தேத்தண்ணி ஊற்றும் நேரம் வந்தால் எழும்பி உதவுவேன். வாய் திறந்தால் என் படிப்பு வெளியே தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். அந்தப் பயத்துக்கு அண்ணை ஒருநாளும் பெயர் வைக்கவில்லை.

அது ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிறு அண்ணை இரண்டு பக்கத்துச் சாவுகளையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசித்தார். ஒரு பக்கத்துக்கு மட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. அடுத்த கிழமை சங்கத்தில் ஒரு முடிவு வந்தது. இனிச் செய்தி எழுதிய தாளை வானொலிக்குப் போக முன்பு இரண்டு பேர் பார்த்துத் தரவேண்டும். அண்ணை பத்திரிகையை விட்டு ஓடி வந்ததே இப்படி இரண்டு பேர் பார்க்கத் தொடங்கியதால்தான். ஊரில் பார்த்தவர்கள் துவக்கோடு வந்தார்கள், இங்கே கேக்கோடு வருகிறார்கள் என்று சொன்னார். வானொலி சங்கச் செயலாளரின் பொறுப்பில் இருந்தது. வருடாந்தக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு நிற்பது என்று அண்ணை தீர்மானித்தார். வென்றால் செய்தி செய்தியாகவே இருக்கும். தோற்றால் வாக்கில் தோற்றதாக இருக்கட்டும் என்றார்.

எங்கள் சங்கங்களில் போட்டி என்று ஒன்று நடப்பதில்லை. ஒருவர் எழுந்து பெயரை முன்மொழிவார், இன்னொருவர் எழுந்து வழிமொழிவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். யாரை யார் முன்மொழிவது என்பது முதலே தலைவரின் வீட்டில் பேசி முடிந்திருக்கும். அண்ணை இதற்கும் ஒரு கோன் எழுதினார். ஒருமுறை அமெரிக்காவில் கட்சி மாநாடு இழுபட, பெரியவர்கள் சிலர் ஒரு விடுதி அறைக்குள் சுருட்டுப் புகைக்கு நடுவில் இருந்து வேட்பாளரை முடிவு செய்தார்களாம், அன்றிலிருந்து அப்படியான முடிவுகளுக்குப் புகை அறை என்று பெயர். எங்கள் தலைவரின் மனைவி வீட்டுக்குள் புகைக்க விடமாட்டார், ஆகவே எங்களுடையது புகைக் கராஜ் என்றார் அண்ணை. தன்னைப் பற்றியும் ஒரு கோன் எழுதினார். பந்தயத்தில் எந்தக் குதிரை எப்படி ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒன்றைப் பற்றி மட்டும் யாருக்கும் தெரியாது, அது இருட்டுக்குள் இருக்கிற குதிரை, சிலவேளை அதுதான் வெல்லும். “நான்தான் அந்தக் குதிரை,” என்று சொல்லிக் கோனைத் தலையில் தொப்பிபோல் வைத்துக்கொண்டார். நூல் தூசி அவர் மயிரில் ஒட்டியிருந்தது.

அவரை முன்மொழிய எங்களோடு வேலை செய்த மட்டக்களப்புக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். நல்ல குரல் உள்ள மனிதர், யாருக்கும் பயமில்லை. வழிமொழிய ஆள் தேடியபோது பலருக்கு அந்த ஞாயிறு வேறு அலுவல் வந்துவிட்டது. அண்ணை என்னிடம் வந்தார். ஒரு வசனம்தான், எழுதித் தருகிறேன், பார்த்தே வாசிக்கலாம் என்றார். நான் ஓம் என்றேன். அவர் என்னை நம்பிக் கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் ஒரு கோனை வெட்டி விரித்து எழுதினார். “செயலாளர் பதவிக்கு அண்ணையின் பெயரை / நான் மனமார / வழிமொழிகிறேன்.” இடையிடையே சிறிய சாய்கோடுகள். வானொலியில் வாசிப்பவர்கள் அந்தக் கோடுகளில் மூச்சு எடுப்பார்களாம். இரண்டு கிழமை இயந்திரத்தின் இரைச்சலுக்குள் நின்று நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் நன்றாகச் சொல்வதாக நினைத்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன்பு தலைவர் தொலைபேசி எடுத்தார். அப்போது என் மனைவி ஊரில் இருந்தார், அவரைக் கூப்பிடுவதற்கான படிவங்களைத் தலைவர்தான் டெனிஷில் நிரப்பித் தந்திருந்தார். “பேப்பர் அலுவல் எப்பிடிப் போகுது, தம்பி? ஏதும் எண்டால் சொல்லும், நான் இருக்கிறன்தானே,” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது வெருட்டலா, வழக்கமான விசாரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாப் பழியையும் அந்த அழைப்பின் மேல் போட்டுவிட்டால் எனக்கு வசதி. ஆனால் அப்படிச் சொல்வது நேர்மையில்லை. அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தாலும் நான் எழுந்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நான் நேரத்துக்கே போய்விட்டேன். கையில் சுருட்டி வைத்திருந்த கோன் வியர்வையில் நனைந்து, மை உள்ளங்கையில் ஒட்டியது. கை கழுவப் போனேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வசனம் மனப்பாடம்தானே, கோன் எதற்கு, மற்றவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதைக் கசக்கிக் கை துடைக்கும் கடதாசிகள் போடும் வாளிக்குள் எறிந்தேன். வெளியே வந்து கதவுப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அண்ணை கொஞ்சம் பிந்தி வந்தார். கையைத் துடைத்தபடி வந்து, என்னைக் கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்வரிசையில் இருந்தார்.

செயலாளர் பதவி வந்தது. ஏற்கெனவே இருந்தவரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். வேறு பெயர் உண்டா என்று தலைவர் கேட்டார். மட்டக்களப்புக்காரர் எழுந்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அண்ணையின் பெயரைச் சொன்னார். சனம் திரும்பிப் பார்த்தது. தலைவர் நிதானமாகத்தான் கேட்டார்.

“வழிமொழியிறது ஆர்?”

என் கால்கள் எழும்பவில்லை. சுவரில் பள்ளிப் பிள்ளைகள் ஒட்டியிருந்த காகித மீன்களை எண்ணத் தொடங்கினேன். தலைவர் இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் என் பக்கமாகப் பார்த்தாரா, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா தெரியாது. மீன்கள் பதினேழு வரை வந்தன. வழிமொழிய ஆள் இல்லாதபடியால் இந்தப் பெயர் எடுபடாது என்று தலைவர் அறிவித்தார். வாக்கெடுப்புக்கே போகவில்லை. மூன்று தரம் கேட்டு முடியும் வரை அண்ணை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முதுகு நேராக இருந்தது.

திரும்பி வரும்போது வழக்கம்போல அண்ணையின் காரில்தான் வந்தோம். பின் இருக்கையில் இருந்த மட்டக்களப்புக்காரர் பொறுக்க முடியாமல், “வாய் என்னத்துக்குடா இருக்கு, சோறு தின்ன மட்டுமா?” என்று கேட்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அண்ணை அவரை விடச் சொன்னார். என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, “நாளைக்குக் காலமை வேலை. ஆறு மணிக்கு வாறன்,” என்றார். அடுத்த நாள் ஆறு மணிக்கு வந்தார். இடைவேளையில் ஒரு நூல் முடிந்தது. வெற்றுக் கோனைக் கையில் எடுத்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். அதன் பிறகு அவர் கோன் வெட்டவே இல்லை. வானொலியில் பாட்டுகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும் மட்டும் போயின. நான் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் நினைத்தேன். அதுவும் ஒரு வசனம்தான்.

ஆலை மூடி, இயந்திரங்களைக் கிழக்கு நாடுகளுக்கு ஏற்றினார்கள். அண்ணை குடும்பத்தோடு எஸ்பியர்க் துறைமுக நகருக்குப் போய் அங்கே ஒரு மீன் ஆலையில் வேலை செய்தார். என் மனைவி வந்து சேர்ந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் சுகம் கேட்போம். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் இறந்தபோது நான் ரயில் மாறி மாறி எஸ்பியர்க் போனேன். கிரியைகள் முடிந்ததும் அவருடைய மகள் ஒரு கடதாசிப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். “அப்பா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். உங்களை அவர் ‘மின் லூட்டர்’ எண்டுதான் சொல்லுவார்,” என்றார். லூட்டர் என்றால் டெனிஷில் கேட்பவர், வானொலி நேயர். என்னுடைய நேயர் என்று அவர் என்னைச் சொல்லியிருக்கிறார்.

ரயிலில் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தேன். கோன்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கப்பட்டிருந்தன. வாத்து, பல்லி, பீப்பா, கட்டைப் பேச்சு, புகை அறை, குதிரை. ஒவ்வொன்றின் அடியிலும் சரி அடையாளம். கடைசிக் கோன் மட்டும் மற்றவற்றோடு சரியாகப் பொருந்தாமல் புடைத்துக்கொண்டிருந்தது. அதை விரித்தேன். சாய்கோடுகள் போட்ட வசனம், மை கலங்கிய இடத்தில் என் விரல் பதிந்த தடம்.

வாளியில் இருந்து அதை அவர் எடுத்திருக்கிறார். எப்போது எடுத்தார் என்பதுதான் மூன்று வருடமாக என்னை விடாத கேள்வி. கூட்டம் முடிந்து எடுத்திருந்தால், என் கோழைத்தனத்தின் மிச்சத்தைப் பொறுக்கி வைத்தார் என்று ஆகும். ஆனால் அன்று அவர் கை துடைத்துக்கொண்டே மண்டபத்துக்குள் பிந்தி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பிறகு கை கழுவப் போனவர் அவர். அப்படியென்றால் நான் எழும்பமாட்டேன் என்று தெரிந்துகொண்டே அவர் உள்ளே வந்தார். தெரிந்துகொண்டே என் தோளில் தட்டினார். தலைவர் மூன்று தரம் கேட்டபோது அவர் திரும்பாததை நான் பல வருடம் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து என்னை இன்னும் கூசச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் அவர் முதுகை நேராக வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது நான் ஒரு பெரிய களஞ்சியத்தில் பொதி ஏற்றும் வேலை செய்கிறேன். டென்மார்க்கின் பெயர்கூட அமெரிக்கச் செய்திகளில் அடிபடுகிற காலம் இது. இடைவேளையில் கூட வேலை செய்யும் டெனிஷ் பொடியன்கள் அமெரிக்கத் தேர்தல் கதை கதைப்பார்கள், அண்ணையின் சொற்கள் ஒவ்வொன்றாக அவர்கள் வாயில் வரும். அந்தக் கடற்கொள்ளைக்காரன் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவன் ஒருநாள் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

சங்கக் கூட்டத்தில் மட்டும் நான் வேறு ஆள். அண்ணை இறந்த வருடத்தில் இருந்து அங்கே யாருடைய பெயரை முன்மொழிந்தாலும் வழிமொழிவது நான்தான். தலைவர், பொருளாளர், விளையாட்டுப் பொறுப்பாளர், எல்லோரையும். நல்லவரா, பொருத்தமானவரா என்று யோசிப்பதில்லை. பெயர் சொல்லப்பட்டதற்கும் அடுத்த குரலுக்கும் இடையில் வரும் அந்த அமைதியை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான். மண்டபத்தில் அது ஒரு பகிடியாகிவிட்டது. பெயரை மட்டும் சொல்லுங்கோ, மற்றதுக்கு அவர் இருக்கிறார் என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். யார் நின்றாலும் உங்களுக்கு ஓம் தானோ என்று என் மனைவி கேட்பார். இந்த வருடக் கூட்டத்தில் நான்காம் தரம் எழும்பி வழிமொழிந்துவிட்டு இருந்தபோது, பக்கத்தில் இருந்த மட்டக்களப்புக்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“இன்னும் எத்தின பேரைடா வழிமொழியப் போறாய்?”

அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. வேறு பெயர் உண்டா என்று முன்னால் கேட்டார்கள். நான் எழும்பத் தயாராக இருந்தேன். எந்தப் பெயரும் வரவில்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் யன்னலோரத்துக் கோனை எடுத்து விரிக்கிறேன். விரலை எடுத்தால் சுருண்டுவிடும் என்பதால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். வசனத்தைச் சத்தமாக வாசிக்கிறேன். கோடு போட்ட இடங்களில் மூச்சு எடுக்கிறேன். இரைச்சல் இல்லாத அறையில் என் குரல் எனக்கு நன்றாகவே கேட்கிறது. சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சநேரம் கோனின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் மட்டும் சரி அடையாளம் இல்லை.